வேலிக்குத் தார்ப்பாய் கட்டிய மார்லிஸ்

எங்கள் கல்லூரி அணியின் சட்டைகளை இருபத்தாறு வருடமாகத் துவைத்தவள் மார்லிஸ் ட்வெட். ஹெல்மெட்டுக்குத் திருகு முடுக்குவதும் கிழிந்த காற்சட்டையைத் தைப்பதும் அவள்தான். நான் அந்த அணியின் பஸ் ஓட்டுநர். அவளைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னையும் அவள் விட்டுவைத்ததில்லை.

சந்தேகம் அவள் கூடப் பிறந்தது. பயிற்சி நடக்கும் நாட்களில், யாரும் வேவு பார்க்கக் கூடாதென்று மைதானத்து வேலி முழுக்கத் தார்ப்பாய் கட்டுவாள். பக்கத்து வயலில் சோயா அறுப்பவர் இயந்திரத்தை நிறுத்திக் காப்பி குடித்தால், "இங்க எதுக்கு நிறுத்தறாரு?" என்பாள். ஒரு தடவை, பறவை பார்க்க வந்த பாதிரியாரின் தொலைநோக்கியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்க மேடையிலிருந்தே அதைத் திருப்பிக் கேட்டார். ஊரே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வருடம் முதல் நான்கு ஆட்டங்களிலும் ஜெயித்தோம். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது, கூடவே தோல்வியும். எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை எறியப் போகிறோமா, ஏந்திக்கொண்டு ஓடப் போகிறோமா என்பது எதிராளிக்குத் தெரியக் கூடாது. அவர்களுக்கோ எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. மூன்று ஆட்டம் வரிசையாகப் போயிற்று.

"யாரோ நம்மைக் காட்டிக் குடுக்கறாங்க. வெளியாள் இல்ல, உள்ள இருக்கற ஆளு" என்றாள் மார்லிஸ்.

அவள் கண் க்வில்லன் மேல் விழுந்தது. புதிதாகச் சேர்ந்த உதவிப் பயிற்சியாளன். மனைவிக்கு ஏழாம் மாதம். அவனுக்கு அதுதான் முதல் வேலை. ஆனால் படித்த காலத்தில் அவன் ப்ளம் ரிவர் அணிக்கு ஆடியவன். ப்ளம் ரிவர் எங்கள் பரம எதிரி. கடைசி ஆட்டமும் அவர்களோடுதான். மார்லிஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு புதன்கிழமை, பயிற்சி நடக்கும்போது தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். எதிர்ச் சாலையில் க்வில்லன் தன் காருக்குள் உட்கார்ந்து, தொலைநோக்கியால் நம் பையன்களையே பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். நேராகத் தலைமைப் பயிற்சியாளர் ஸ்டெங்கரிடம் போனாள். சாட்சிக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

"எதிராளி கண்ணுக்கு நாம எப்படித் தெரியறோம்னு பார்க்கத்தான் போனேன், கோச்" என்றான் க்வில்லன். முகம் வெளுத்துவிட்டது. "இன்னும் ரெண்டு நாள் குடுங்க, சொல்றேன்."

"ரெண்டு நாள்ல அங்க சொல்லி முடிச்சிடுவான்" என்றாள் மார்லிஸ். "இருபத்தாறு வருஷத்துல நான் உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேனா?"

ஸ்டெங்கர் என்னைப் பார்த்தார். அவள் சொல்வது சரி என்று நான் தலையாட்டினேன். இன்றும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. அன்றே க்வில்லனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சனிக்கிழமை மறுபடி தோற்றோம். எறிந்தால் தடுத்தார்கள், ஓடினால் மறித்தார்கள்.

"பஸ்ல யார்கிட்டயாவது உளறினியா?" என்றாள் என்னிடம்.

"ஆமா, ஸ்டியரிங்கிட்ட சொன்னேன். போய் அதை விசாரி" என்றேன்.

திங்கட்கிழமை மார்லிஸ் க்வில்லனின் அலமாரியைக் காலி செய்தபோது, அவன் எழுதிக்கொண்டிருந்த நோட்டுப் புத்தகம் கிடைத்தது. சலவை அறையில் நின்றபடியே படித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். "பந்தெறிகிற ப்ரெக்கி, எறியப் போகும்போது மட்டும் இடுப்புத் துண்டில் கை துடைக்கிறான். ஓட்டம் என்றால் துடைப்பதில்லை. நாற்பத்து மூன்றில் நாற்பத்தொரு தடவை. சாலையிலிருந்தே தெரிகிறது. உறுதி செய்துகொண்டு கோச்சிடம் சொல்ல வேண்டும்."

அந்தத் துண்டைத் தைத்துக் கொடுத்தவள் மார்லிஸ். மழையில் பையனுக்குப் பந்து வழுக்குகிறதே என்று, முதல் தோல்விக்கு இரண்டு நாள் முன்னால், பளிச்சென்ற வெள்ளைத் துணியில் தைத்தாள். சுற்றிலும் மறைப்பைக் கட்டிவிட்டு, நடுவில் தானே கொடி ஏற்றியிருக்கிறாள்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "இதை எரிச்சுட்டா யாருக்கும் தெரியாது" என்றாள். நோட்டை மூடினாள், திறந்தாள், அப்புறம் விறுவிறுவென்று ஸ்டெங்கர் அறைக்கு நடந்தாள். "தப்பு என்னுது. அந்தப் பையனைக் கூப்பிடுங்க" என்று அவள் சொன்னது வெளியில் நின்ற எனக்கே கேட்டது.

க்வில்லன் வந்தான். ப்ளம் ரிவரோடு நடந்த ஆட்டத்தில் ப்ரெக்கி ஒவ்வொரு முறையும் கை துடைத்தான், ஓடுவதற்கும் துடைத்தான். எதிராளிகள் குழம்பிப் போனார்கள். நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கூச்சல். மார்லிஸ் எழுந்து போய் க்வில்லன் பக்கத்தில் நின்றாள். கூச்சல் அடங்கியது. "உன்னைக் காட்டிக் குடுக்கறவன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கறேன்" என்றாள்.

கண்ணாடியில் அவன் முகம் எனக்குத் தெரிந்தது. கோபம் இல்லை, களைப்புதான்.

"பரவாயில்ல, மார்லிஸ். அதை மறந்துடுங்க" என்றான். "ஆனா ஒண்ணு. இனிமே என் துணியை நானே வீட்ல துவைச்சுக்கறேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். இடம் தேடி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஊர் வரும் வரை என்னைக்கூட ஒன்றும் கேட்கவில்லை.