மீன்கொத்தி உட்கார்ந்திருந்த படகு

பள்ளியில் இயற்பியல் எடுப்பது போக எனக்கிருக்கும் ஒரே பைத்தியம் பறவைகளைப் படம் பிடிப்பது. மந்தைவெளியில் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம் போனால் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம். போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஒரு வெண்மார்பு மீன்கொத்தி கிடைத்தது. கரையில் நிறுத்தியிருந்த ஃபைபர் படகின் முனையில், அலகில் ஒரு பொடி மீனோடு உட்கார்ந்து என்னையே பார்த்தது. ஏழெட்டுப் படம் எடுத்ததில் ஒன்று நல்ல கூர்மையாக விழுந்திருந்தது.

மயிலாப்பூரில் என்னைப் போன்ற ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு சின்னக் கண்காட்சி வைப்பதாக இருந்தோம். இதைத்தான் கொடுப்பது என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன்.

பறவையில் ஒரு குறையும் இல்லை. படகுதான் கண்ணை உறுத்தியது. பளீரென்ற ஆரஞ்சு நிறம், மேலே குவித்துப் போட்ட வலை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம். காட்டுயிர்ப் படத்தில் இதெல்லாம் எதற்கு? பறவையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக அழித்தேன். படகு போனதும் பறவை அந்தரத்தில் நின்றது. என் பழைய படம் ஒன்றிலிருந்து காய்ந்த கிளையை வெட்டியெடுத்து அதன் காலடியில் ஒட்டினேன். பின்னணியை மங்கலாக்கி, முதுகின் நீலத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். ஏதோ அடர்ந்த காட்டுக்குள் போய் எடுத்தது போல இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஞாயிறுதோறும் மீன் கொண்டுவரும் அம்மா வாசலில் குரல் கொடுத்தார். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில்தான் அவருக்கு வீடு. சங்கரா மீனை வெட்டிக் கொடுத்து முடித்ததும், "இது உங்க பக்கத்துல எடுத்ததுதான், பாருங்க" என்று லேப்டாப்பை அவர் முன்னால் நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இன்னா டீச்சர், அங்க ஏது மரம்? இது டெய்லி எங்க போட்டு மேலதான குந்திகினு கீது!"

அசடு வழிந்தபடி, படகோடு இருந்த அசல் படத்தைத் திறந்தேன்.

"தோ, எங்க போட்டு! இத்த ஏன் அழிச்சே? பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம்கூட ஆவல."

"படம் அழகா இருக்கட்டும்னு..."

"எங்க ஊட்டுக்காரு வலைய ஒதறுறப்போ வுழுற பொடிமீனுக்குத்தான் அது வருது. போட்டு இல்லன்னா அதுக்கு அங்க இன்னா வேல?"

வெட்கமாக இருந்தது. "சரி, இந்தக் குடத்தை மட்டும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கோ. அது ஓட்டக் கொடம்."

மத்தியானம் முதலிலிருந்து தொடங்கினேன். படகின் விளிம்பு கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஏறிப் பறவையிடம் முடியும்படி ஓரங்களை வெட்டினேன். தண்ணீரைச் சற்று இருட்டாக்கினேன். நிழலில் கிடந்த வலைக்கு வெளிச்சம் கொடுத்ததும் அதன் முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பறவையின் கண்ணில் இருந்த ஒளிப்புள்ளியைத் துளி கூட்டினேன். நீலத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அது தானாகவே எடுப்பாக நின்றது. வகுப்பில் நிறங்களைப் பற்றி இத்தனை வருடம் பேசியிருக்கிறேன், இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு அந்த அம்மாவையும் அவர் கணவரையும் வரச் சொல்லியிருந்தேன். இருவரும் வந்தார்கள். கணவர் சலவைச் சட்டையில் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பார்க்க வந்தவர்கள் பறவையைப் பற்றி என்னிடம் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே பதில் சொன்னார். எந்தப் பக்கமிருந்து வரும், எவ்வளவு நேரம் உட்காரும் என்று எனக்கே தெரியாத விஷயங்கள். காதில் விழுவதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டு சந்தோஷமாக ஓரத்தில் நின்றேன்.

ஒரு தம்பதி, குழந்தையோடு நேரில் வந்து பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டார்கள்.

"காலைல ஏழு மணிக்கு மேல வாங்க சார். அதுக்கு முன்ன நாங்க கடல்ல இருப்போம்" என்றார்.