கணேசமூர்த்தி பார்த்த எண்

கணேசமூர்த்திக்குத் தன் கண்ணின்மேல் அபார நம்பிக்கை. மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் பன்னிரண்டு வருஷமாக வேலை. நோயாளியின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் அமிலம் கலந்தால், அதிலுள்ள புரதம் வெள்ளையாகக் கலங்கும். எண் போட்டு வைத்திருக்கும் மாதிரிக் குழாய்களில் எதன் கலங்கலோடு அது பொருந்துகிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்லிவிட்டால் டாக்டர்கள்கூட மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தப் பெருமையில் மனிதர் கொஞ்சம் மிதப்பாகத்தான் நடப்பார்.

நாடு சுதந்திரம் அடைந்த வருஷம், காஜா பெராங்கில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரான ஷம்சுதீனுக்குச் சிங்கப்பூரில் மூளைக் கட்டியை எடுத்தார்கள். ஜாலான் துக்காங் எமாஸில் துணிக்கடை வைத்திருந்தவர். கணேசமூர்த்தியின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோது கொட்டும் மழையில் ஓடிப்போய் டாக்சி பிடித்து வந்தவர். அப்பேர்ப்பட்டவரின் முதுகு நீர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணேசமூர்த்தியின் கைக்கு வந்தது. எண் ஏறினால் கட்டி மறுபடி வளர்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். முதல் இரண்டு முறையும் நாற்பது. மூன்றாம் முறை ஐம்பது. பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

நான்காம் முறை அறுபது என்று எழுதப் பேனாவைத் திறந்தார். குழாய் கழுவிக்கொண்டிருந்த அஞ்சலை சும்மா இருக்கவில்லை.

“அது என்னாங்க, மத்ததெல்லாம் ஒரு தடவ பாத்துட்டு வச்சிடுறீங்க. இத மட்டும் தூக்கிக்கிட்டு அந்த ஜன்னலுக்கும் இந்த ஜன்னலுக்கும் நடக்குறீங்க. போன தடவையும் இப்படித்தான் நடந்தீங்க.”

சுருக்கென்றது அவருக்கு. எண் குறைவாகத் தெரியும் இடத்தைத்தான் தேடி நடந்திருக்கிறார். பேனாவை மூடினார். அன்றைக்கு வந்த ஐந்து குழாய்களிலும் பெயர்மேல் காகிதம் சுற்றி, மாற்றி அடுக்கித் தரச் சொன்னார். ஒவ்வொன்றையும் ஒரே இடத்தில் நின்று ஒரே ஒரு முறை பார்த்தார். மூன்றாவது குழாய் எண்பத்தைந்து. காகிதத்தைப் பிரித்தால் ஷம்சுதீனின் பெயர்.

நேரே டாக்டரிடம் போனார்.

“இன்னைக்கு எண்பத்தஞ்சு, டாக்டர். போன தடவை நான் எழுதின அம்பதையும் நம்பாதீங்க. வேண்டியவராச்சேன்னு என் கண்ணு கொறைச்சுப் பாத்திருக்கு.”

டாக்டர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆனால் ஒரே வாரத்தில் ஷம்சுதீன் சிங்கப்பூரில் இருந்தார். கட்டி மறுபடி வளர்ந்துதான் இருந்தது. சுண்டைக்காய் அளவு. எடுத்துவிட்டார்கள்.

இத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஷம்சுதீனிடம் போய் டாக்டர் இதைச் சொல்லப்போவதில்லை. நானாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். கணேசமூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷம்சுதீன் தலையில் கட்டோடு வீடு திரும்பிய அன்றே போய் உட்கார்ந்தார். ஒன்று விடாமல் சொன்னார், காகிதம் சுற்றியது வரைக்கும்.

“மூணு மாசம் என்னால வீணாப் போச்சு, தம்பி.”

தேநீர் கொண்டுவந்த ஷம்சுதீனின் மனைவி ஹஸீனா, அதை அவருக்குக் கொடுக்காமலே உள்ளே போய்விட்டார். ஷம்சுதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு நெனைச்ச கண்ணுதானே, அண்ணே. அடுத்த தடவையும் நீங்கதான் பாக்கணும்.”

“பேர மறைச்சுட்டுப் பாக்கச் சொல்லுங்க,” என்றது உள்ளேயிருந்து ஹஸீனாவின் குரல்.

டாக்டரின் ஏச்சுக்கெல்லாம் அசையாமல் நின்ற மனிதர், அப்போதுதான் அழுதார்.