நாற்பத்து மூன்று முறை மாவு

சின்னக் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் மேடம். நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு மறுபடி பார்க்கிறார். அடியில் வெள்ளையாக எதுவோ கலங்கி எழும்பி, மெதுவாகப் படிகிறது. "என்னடி, இன்னிக்கும் மாவா?" என்று குப்பியிடமே கேட்கிறார். பிறகு நோட்டில் 'மாவு' என்று எழுதி, பக்கத்தில் 43 என்று போடுகிறார்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் மேடம்தான். வயது ஐம்பத்திரண்டு. படிகம் வளர்ப்பது தொழில். உலோக அணுக்களை மூலைக்கு மூலை தூணாக நிறுத்தி, கரிம மூலக்கூறுகளை உத்தரமாகக் கோத்தால், கண்ணுக்கே தெரியாத அறைகள் அடுக்கடுக்காக அமைந்த படிகம் கிடைக்கும். அந்த அறைகளில் வாயுவைப் பிடித்து அடைக்கலாம். லிஃப்ட் பழுது பார்க்கும் கணவருக்கு இதை விளக்கப் போய் ஒருமுறை மாட்டிக்கொண்டார்.

"அப்ப உள்ள ஒண்ணுமே இல்லையா?" என்றார் அவர்.

"காலிங்க. அந்தக் காலிதான் விசேஷமே."

"இருபது வருஷமா காலி இடத்தையா செஞ்சிட்டிருக்கே?"

மேடத்துக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

படிகங்கள் விஷயத்தில் அவருக்குப் பிள்ளைத்தாய்ச்சியின் ஜாக்கிரதை. யாராவது கதவை அறைந்து சாத்தினால் போதும், "மெதுவாப்பா, உள்ள வளர்ந்திட்டிருக்கு" என்பார். குப்பிகள் மூன்று நாள் எண்பத்தைந்து டிகிரியில் வேகும் சூட்டுப்பெட்டியின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்குகிறது. 'திறக்காதீர்கள்.' கையெழுத்து அவருடையது. சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கையில் ஒரு படிகம் வந்தது. உப்புக்கல் அளவு இருக்கும், கண்ணாடி மாதிரி தெளிவு. எக்ஸ்ரேயில் வைத்து எந்த அணு எங்கே நிற்கிறது என்று வரைபடம் போட்டு, கட்டுரையும் வெளியாகிவிட்டது. அளந்த படிகம் காற்றுப் பட்டு உதிர்ந்து போயிற்று. வேண்டுமென்றால் மறுபடி வளர்த்தால் ஆயிற்று என்று அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். இந்த வருஷம் தூர தேசத்து ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் செய்முறைப்படி பதினாறு முறை செய்தோம், தூள்தான் வருகிறது என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். நகல், கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் போயிருந்தது. செய்து காட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று பத்திரிகை மாதக் கடைசி வரை கெடு வைத்தது.

மேடமும் செய்து பார்த்தார். அவருக்கும் மாவுதான். கரைப்பானை மாற்றினார், குப்பியை மாற்றினார், மேல்தட்டை விட்டுக் கீழ்த்தட்டில் வைத்தார். அந்த நாளில் போட்டிருந்த பழைய நீலக் கோட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டும் பார்த்தார். இதை யாரிடமும் சொல்லவில்லை. அவரைப் பொய்க்காரி என்று ஒருவரும் சொல்லிவிடவில்லை. ஆனால் தான் பார்த்தது நிஜம்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதை நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு நாள் காலையில்.

கணவர்தான் அடுப்பை அணைத்தார். "லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு நான் மெஷினை மட்டும் பாக்க மாட்டேம்மா. கடைசியா யாரு ஏறினாங்க, என்ன பண்ணாங்கன்னு கேப்பேன். அப்ப உன்கூட யாரு இருந்தா?"

இருந்தது ஆய்வக உதவியாளர்தான். குப்பிகளைக் கழுவுவதும் சூட்டுப்பெட்டியைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. மேடத்தைவிட ஐந்து வயது பெரியவர். கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"திட்டக் கூடாது மேடம். அப்பல்லாம் தினம் ஒரு மணிக்கு என் சாப்பாட்டு டப்பாவ அதுக்குள்ள வெச்சு சூடு பண்ணிக்குவேன். ஆறிப்போனா எனக்குத் தொண்டையில எறங்காது."

"அதுக்குள்ளயா? அந்தக் கரைப்பான் ஆவி எல்லாம் விஷங்க. உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"அதான் இப்ப வெக்கிறதில்லையே. கட்டுரை வந்த வாரம் நீங்க அட்டை மாட்டிட்டீங்க."

மேடம் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கதவைத் திறந்தால் சூடு இறங்கும், மூடினால் ஏறும். அப்படி இறங்கி ஏறும்போது பொடிசுகள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துகொள்ளலாம். புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான். இத்தனை வருஷம் மூச்சு விடாமல் காத்தது எதற்கு என்றுதான் புரியவில்லை.

கெடுவுக்கு நான்கு நாள் இருந்தது. ஆறு குப்பிகளைத் தயார் செய்து உள்ளே வைத்தார். தினம் ஒரு மணி அடித்ததும் கதவைத் திறந்து, டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொன்னார்.

"வெறும் தண்ணிக்கு வருமா மேடம்?" என்றார் உதவியாளர், உண்மையான கவலையோடு.

"எனக்கென்னங்க தெரியும்?"

நான்காம் நாள் காலை குப்பிகளை ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்தார். மாவு. மாவு. மூன்றாவதில் சுண்டியதும் எதுவும் கலங்கவில்லை; அடியில் ஏழெட்டுத் துணுக்குகள் பளிச்சென்று புரண்டன. மேடம் அதை மட்டும் தனியாக ஓரத்தில் வைத்தார். மீதி மூன்றிலும் மாவு.

"ஆறும் ஒரே தட்டு, ஒரே டப்பா. இது மட்டும் ஏங்க?" என்றார். உதவியாளரும் கையை விரித்தார்.

பத்திரிகைக்கு நாலே வரியில் பதில் எழுதினார். கதவு திறந்த நேரத்தை எழுதினார். ஆறில் ஒன்றுதான் வந்தது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை என்றும் எழுதினார். எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்தது.

"எக்ஸ்ரேல வெச்சுடலாமா மேடம்? அதே படிகம்தானான்னு தெரிஞ்சிடுமே. மெஷினு சும்மாதான் இருக்கு."

மேடம் எக்ஸ்ரே அறைப் பக்கம் நாலு எட்டு போனார். வாசலில் நின்றார்.

"வேணாங்க. நான் வெச்சா எனக்கு வேணுங்கறதுதான் கண்ணுல படும். நம்பாதவங்க பாக்கட்டும்."

"எல்லாத்தையுமா அனுப்பறீங்க? ரெண்டு எடுத்து வெச்சுக்கலாமே."

கரைப்பான் வற்றிக் காற்றுப் பட்டுவிடாதபடி மேடம் மூடியை இறுக்கித் திருகினார். குப்பியைப் பஞ்சில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்தார். மேலே அந்தத் தூர தேசத்து ஆய்வுக்கூடத்தின் முகவரியை, கடிதத்தைப் பார்த்துப் பார்த்து, எழுத்து எழுத்தாக எழுதினார்.