பெரட்டுக்கு வராத மீன்கள்

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற சடையப்பன், அந்த ஓய்வுச் செய்தி தனக்கு இன்னும் வந்துசேரவில்லை என்பதுபோலத்தான் நடந்துகொண்டார். விடியும்போதே எழும்பிவிடுவார். காக்கிக் காற்சட்டையை மாட்டிக்கொள்வார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். ஒரேயொரு சிக்கல், ஒரு டிவிஷனையே ஆண்டவருக்கு இப்போது மிஞ்சியிருந்தது ஏழே பேர்ச் துண்டுக் காணியில் கட்டிய புது வீடும் அதன் குசினியும்தான். அங்கே வேலைசெய்வது ஒரே ஆள், அவருடைய மனைவி பாக்கியம்.

"வெங்காயத்த இம்புட்டுக் கனமா வெட்டுனா எப்ப வேகும்? தேங்கா துருவ இவ்வளவு நேரமா?"

முப்பத்தெட்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்திய பாக்கியத்துக்குக் கூட, அவர் ஓய்வுபெற்ற மூன்றாம் மாதத்தில் பொறுமை கழன்றுவிட்டது. அவிசாவளையில் கார்மென்ட் சூப்பர்வைசராக இருக்கும் மகள் தனுஜாவுக்குப் போன் போட்டாள். "ஒங்கப்பாவுக்கு மேய்க்கிறதுக்கு எதையாச்சும் வாங்கிக் குடு புள்ள. இல்லாட்டி என்னைய அங்க கூட்டிக்கிட்டுப் போயிரு."

தனுஜாவுக்கு அம்மாவையும் தெரியும், அப்பாவையும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினாள். நீண்ட செட்டைகளோடு நிதானமாக நீந்தும் ஏஞ்சல் மீன்கள் இரண்டு, அடிமணலில் மீசையால் துழாவிக்கொண்டு திரியும் கோரி என்ற குட்டிக் கெளுத்திகள் ஆறு, ஒரு கட்டு நீர்ச்செடி, காற்றூதும் மோட்டர். எல்லாம் தெஹியோவிட்டக் கடைத்தெருவில் நுஹ்மானின் கடையில் வாங்கியவை. எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகக்கூடியவை என்று நுஹ்மானே பார்த்துப் பொறுக்கிக் கொடுத்திருந்தான். போகும்போது தனுஜா ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்.

"இதுகளச் சாகவுட்டீங்கன்னா நான் தொட்டியத் திருப்பிக் கொண்டுபோயிருவேன் அப்பா. பொறகு நீங்க வெங்காயத்தயே பாத்துக்கிட்டு இருக்கலாம்."

ஒரு வாரம் சடையப்பன் மீன்களைப் பார்த்தார். மீன்கள் அவரைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஏஞ்சல்கள் தங்கள் பாட்டுக்கு நின்றன, கோரிகள் தரையிலிருந்து தலையெடுக்கவில்லை. சுறுசுறுப்பென்று சொல்ல அந்தத் தொட்டியில் காற்றூதும் மோட்டரைத் தவிர ஒன்றுமில்லை. எனவே அவர் பஸ் ஏறி நுஹ்மானின் கடைக்கே போய், ஓடியாடிக்கொண்டிருந்த வரிக்குட்டி மீன்களைக் காட்டி, "இதுல ஆறு போடு" என்றார்.

"டைகர் பாப் மீனா? வாணாம் ஐயா," என்றான் நுஹ்மான். "ஒங்களுக்கிட்ட ஏஞ்சல் இரிக்கி. இதுக்கு நீட்டு வாலக் கண்டா சும்மா இரிக்க ஏலா, கடிச்சுரும். கீழ இரிக்கிற கோரிக்கும் இது சாப்பாடு மிச்சம் வெக்காது."

"தம்பி, நான் நூத்தம்பது பேர மேச்சவன். அதுல இந்தப் பக்கத்து லயமும் அந்தப் பக்கத்து லயமும் மூஞ்சி குடுத்துப் பேசாது. அதுகளையே ஒத்துமையா வேல வாங்கினேன். பத்துப் பதினஞ்சு மீன மேய்க்கத் தெரியாதா எனக்கு?"

அந்த இரண்டு லயத்து வரிசை வீடுகளின் ஆட்களும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் இவருக்கு எதிராகத் தலைமைக் காரியாலயத்துக்குப் பெட்டிஷன் போட்டதுதான். அதை அவர் நுஹ்மானிடம் சொல்லவில்லை.

டைகர் பாப்கள் வந்ததும் தொட்டிக்கு உயிர் வந்தது. சடையப்பனுக்கும் வந்தது. மறுநாள் காலையே பெரட்டைத் தொடங்கிவிட்டார். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களைக் களத்தில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. இங்கே ஒரு எவர்சில்வர் கரண்டியால் கண்ணாடியில் தட்டுவார். தட்டியதும் டைகர் பாப்கள் ஆறும் மேலே பாய்ந்து வரிசைகட்டி நிற்கும். அந்த ஆறு வாய்கள் ஆவென்று திறப்பதைப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஓய்வுபெற்ற பிறகு அவர் குரலுக்கு ஓடிவந்த முதல் ஜீவன்கள் அவைதான். சொல்லப்போனால், அதற்கு முன்பும் அவ்வளவு ஆசையோடு யாரும் ஓடிவந்ததில்லை.

ஏஞ்சல்கள் தயங்கித் தயங்கி வரும். கோரிகள் கரண்டிச் சத்தம் கேட்டதும் நீர்ச்செடிக்குள் புகுந்துகொள்ளும்.

"இந்தா, பாத்தியா பாக்கியம்? பெரட்டுக்கு வராமக் கள்ளம் போடுதுக."

தோட்டத்துக் கணக்கில் முழு நாள் வேலைக்கு ஒரு பேர் பதிவார்கள், குறித்த அளவு ரப்பர் பால் வெட்டிக் கொண்டுவராதவர்களுக்கு அரைப்பேர். அரைப்பேர் போட்டால் கூலியும் பாதிதான். தொட்டியிலும் அந்தச் சட்டம் அமுலுக்கு வந்தது. முதலில் வந்த டைகர் பாப்களுக்கு முழுத்தீனி. சமயத்தில், மனம் குளிர்ந்து, போனஸும். பிந்தி வந்த ஏஞ்சல்களுக்கு ஒரு சிட்டிகை. கீழே கிடக்கும் கோரிகளுக்கு ஒன்றுமே கிடையாது, மேலே வந்து வாங்கட்டும். அவற்றுக்கென்று நுஹ்மான் கொடுத்தனுப்பிய, தண்ணீரில் அமிழ்ந்து அடிக்குப் போகும் தீனி வில்லைகள் பிரிக்காமலே அலுமாரி மேல் கிடந்தன. சோம்பேறிகளுக்கு இருந்த இடத்துக்கே சாப்பாடு அனுப்புவதை அவருடைய ஆயுளில் எந்தத் தொரையும் அனுமதித்ததில்லை.

இரண்டு வாரத்தில் தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கியது. போனஸின் மிச்சம் மூலையில் அழுகி மணத்தது. ஏஞ்சல்களின் செட்டைகள் எலி கடித்த துணிபோலக் கந்தலாயின. கோரிகளின் வயிறு உள்ளே ஒட்டிப்போயிற்று. இதையெல்லாம் சடையப்பன் பார்க்காமலில்லை. பார்த்துவிட்டு, வேலை செய்யாவிட்டால் உடம்பு இப்படித்தான் போகும் என்று விளக்கம் சொன்னார்.

"அந்த வரிக்குட்டிக தொரத்தித் தொரத்திக் கடிக்குதுங்க," என்றாள் பாக்கியம். "நான் கண்ணால பாத்தேன்."

"அதுக கடிக்கல. சுறுசுறுப்பாக்குதுக. கங்காணிமாரு இல்லாம வேல நடக்குமா?"

ஒரு புதன்கிழமை காலை கரண்டியைத் தட்டியபோது ஏஞ்சல்களில் ஒன்று மேலே வந்தது. வயிறு வானத்தைப் பார்த்திருந்தது. டைகர் பாப்கள் அதைச் சுற்றி வரிசையாக நின்று, வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தன.

சடையப்பன் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தொட்டி போய்விடும். தனுஜா சொன்னால் சொன்னதுதான், அந்தக் குணம் இவரிடமிருந்துதான் அவளுக்கு வந்தது. நாளையிலிருந்து இந்த வீட்டில் கரண்டி தட்டினாலும் தொண்டை கிழியக் கத்தினாலும் யாரும் வரப்போவதில்லை. அதை நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையிலேயே கலங்கியது. செத்த ஏஞ்சலுக்காக அல்ல என்பது வேறு விஷயம்.

பிறகு அவருக்குப் பழக்கமான கோபம் வந்தது. செத்த மீனைப் பாண் பையில் சுற்றிக்கொண்டு, நோயாளி மீனை விற்றதற்காக நுஹ்மானை ஒரு பிடி பிடிப்பதென்று பஸ் ஏறினார். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் முன்னே போகச் சொல்லித் தள்ளியபோது கூட, தனக்கு உத்தரவு போடுகிறானே என்று முறைத்தார்.

நுஹ்மான் பையைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தான். கோபப்படவில்லை. அதுதான் சடையப்பனை இன்னும் கொதிக்க வைத்தது.

"நோயில்ல ஐயா. வாலப் பாருங்க, எல்லாம் கடி. நான் அண்டைக்கே சென்னேன் தானே. கோரி எப்பிடி இரிக்கி?"

"வயிறு ஒட்டிக்கிடக்குதுக. கூப்புட்டா மேல வராதுக."

"அதுகள் மேல வந்து சாப்பிடுற சாதியில்ல. கண்ணாடியில தட்டினா பயந்து ஒளியும். டைகர் பாப்பக் கொண்டு வாங்க, நான் எடுத்துக்கிறேன். தண்ணில மூணுல ஒரு பங்க மாத்துங்க. அந்த வில்லயப் போட்டுட்டுத் தள்ளிப் போயிருங்க. இல்லாட்டி மத்ததுகளும் செத்துப் போயிரும்."

"அப்ப என் பேச்சக் கேக்கிற மீனயெல்லாம் குடுத்துட்டு, கேக்காததுகள வச்சிக்கச் சொல்றியா?"

"கேக்கிறதுகள மட்டுந்தானே ஐயா இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டீங்க, அதான் இது செத்திரிக்கி," என்றான் நுஹ்மான், பையைத் திருப்பிக் கொடுத்தபடி.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மனம் சண்டை பிடித்தது. ஆறு டைகர் பாப்களும் போனால் தொட்டியில் இருப்பது கந்தலான ஒரு ஏஞ்சலும் முகம் காட்டாத கெளுத்திகளும்தான். அவை இருந்தென்ன, போயென்ன? ஆனால் அவையும் போய்விட்டால் தொட்டியே போய்விடும். அன்று பின்னேரம், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தனக்குப் பிடித்தவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார். வலையோடு போனபோது அந்த ஆறும் தீனி என்று நினைத்து அவரிடமே ஓடிவந்தன. பிடிப்பதற்குச் சிரமமே இருக்கவில்லை.

மறுநாள் அவற்றை நுஹ்மானிடம் சேர்த்துவிட்டு வந்து, தண்ணீரை மாற்றினார். அழுகிய தீனியைக் குழாயால் உறிஞ்சி எடுத்தார். இரண்டு வில்லைகளைப் போட்டார். கரண்டியைத் தொடவில்லை. கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை. வில்லைகள் மணலில் ஊறிக் கிடந்தன. கோரிகள் செடிக்குள் அசையாமல் இருந்தன. ஏஞ்சல் மோட்டருக்குப் பின்னால் பதுங்கி நின்றது.

"அநியாயம் பாக்கியம். இவ்வளவு செஞ்சும் எட்டிப் பாக்குதுகளா பாரு."

"இங்க வந்து ஒரு தேத்தண்ணி குடிங்க," என்று குசினியிலிருந்து கூப்பிட்டாள் பாக்கியம். "அங்கயே குந்திக்கிட்டு இருந்தா எப்படிங்க?"

வேண்டாவெறுப்பாக எழுந்து போனார். கோப்பையை வாங்கிக்கொண்டு கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார். செடிக்குள்ளிருந்து ஒரு மீசை நீண்டது. பிறகு ஒரு கோரி. பிறகு இன்னொன்று. ஆறும் வந்து வில்லையைச் சூழ்ந்துகொண்டு, வாலை ஆட்டியபடி அவசர அவசரமாகத் தின்றன. மோட்டருக்குப் பின்னாலிருந்து ஏஞ்சலும் கந்தல் செட்டையை மெல்ல விரித்தது.

"தின்னுதுக! பாக்கியம், தின்னுதுக!" சந்தோஷம் தாங்காமல் அவர் ஓரடி வெளியே எடுத்து வைத்தார்.

ஒரே நொடியில் தொட்டி காலி. மணல் மட்டும் கலங்கி நின்றது.

பாக்கியம் கல்யாணத்துக்கு முன்பு அதே தோட்டத்தில், அவருக்குக் கீழே பால் வெட்டியவள். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், கோபமுமில்லாமல் கிண்டலுமில்லாமல் சொன்னாள்.

"நீங்க ரப்பர் மலையில நிக்கிற வரைக்கும் நாங்களும் அப்படித்தாங்க. ஒங்க தல அங்கிட்டு மறைஞ்ச பொறகுதான் சோத்து டப்பாவத் தொறப்போம்."

சடையப்பன் முகம் சுண்டிப்போய், வெளியே வைத்த காலை மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மீன்கள் தின்று முடித்திருக்கும் என்று பாக்கியம் சொல்லும்வரை அவர் குசினியைவிட்டு வெளியே வரவில்லை.