வாய் நிறைய ஊக்கு

தெய்வநாயகி என்ற பெயர் ரோசம்மாள் காதில் முதலில் விழுந்தது ஒரு கூச்சலாகத்தான். மகள் ஸ்டெஃபிக்குக் கல்யாணம். கோயில் மணி அடித்தாகிவிட்டது, போதகர் அங்கியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார், பெண்ணோ கண்ணாடி முன்னால் அழுதுகொண்டு நிற்கிறாள். சந்தன நிறப் பட்டு கட்டக் கட்ட நழுவுகிறது. மூன்று அத்தைகள் கட்டிப் பார்த்தார்கள். மூன்று விதமாக நழுவியது. அப்போதுதான் வாசல் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்: "அட, தெய்வநாயகியக் கூப்புடுங்கப்பா! சும்மா பேஜாரு பண்ணிகினு நிக்கிறீங்க!"

வந்தவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வழியில்லை. வாய் நிறைய ஊக்கு. உதட்டோரம் வரிசையாகக் கவ்வியிருந்தாள், மீன் முள்ளைக் கவ்விய பூனை மாதிரி. பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பி, அத்தைமார் கட்டியதை ஒரே இழுப்பில் உருவிப் போட்டாள். ஆரணிப் புதுப்பட்டு முரட்டுக் கன்றுக்குட்டி. ஜரிகைக் கரை ஒரு பக்கம் இழுக்கும், முந்தானை ஒரு பக்கம் திமிறும். இவள் கொசுவத்தை விரலில் மடித்து மடித்து அடுக்கி, கரையைக் கால் பெருவிரலால் தரையோடு அழுத்திப் பிடித்து, உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஊக்கை எடுத்துக் குத்தினாள். கடைசி ஊக்கு போனதும்தான் வாய் திறந்தது. "அழுதது போதும். மூச்ச இழு. விடாத. ம், இப்ப விடு. எங்கியாச்சும் நழுவுதா? போ."

பிறகுதான் ரோசம்மாள் இன்னார் மகள், இன்னார் மருமகள் என்று விசாரித்தாள். சந்தவாசல் பக்கத்துப் பெண். அப்பா வேணுகோபால் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். அம்மா முனியம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் எல்லாம் பெண்கள்; அத்தனை பேரையும் ஆரணியைச் சுற்றியே கட்டிக் கொடுத்திருக்கிறது. அதனால் தெய்வநாயகிக்குப் பெரியம்மாவோ சின்னம்மாவோ இல்லாத தெரு ஊரில் கிடையாது. அந்தப் பெரியம்மா, சின்னம்மா பெண்களுக்கெல்லாம் கல்யாணச் சேலை கட்டிவிட்டே கை தேர்ந்துவிட்டது. புருஷன் தனசேகரன் கண்ணமங்கலம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். குடியிருப்பது கொசப்பாளையத்தில், ரோசம்மாள் மிஷின் போட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் வீட்டுக்கு எதிர்வீட்டில்; குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று முதல் இருவரும் ஒரு குடம் தண்ணீரும் ஒரு தம்ளர் டீயும் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள்.

ஊருக்கெல்லாம் கொசுவம் எடுக்கிறவளின் சொந்தச் சேலை எப்போதும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். கேட்டால், "என்ன யாரு பொண்ணு பாக்க வர்றாங்க?" என்பாள். டீயில் சர்க்கரை இரட்டையாக வேண்டும். பணக்கார வீடானாலும் தறிக்காரர் வீடானாலும் கட்டிலில் உட்கார மாட்டாள், நின்றே குடிப்பாள். கட்சித் தலைவர் வீட்டுப் பெண்ணையும் "ஏ பொண்ணு, குனியாத, மடிப்பு ஓடிப்பூடும்" என்றுதான் அதட்டுவாள்.

பேச்சென்றால் வெளியே அவள் மழை. தக்காளி விலை, தனசேகரனின் குறட்டை, பஸ்ஸில் சீட்டுக்குக் கர்ச்சீப் போட்டவனோடு போட்ட சண்டை என்று வாய் ஓயாது. ஆனால் ஒரு வீட்டுக் கதவுக்குள் சேலை கட்டிவிட்டு வந்தாளென்றால், அந்த வீட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் உதிராது. பெண்கள் சேலை மாற்றும் அறையில்தான் ஒரு குடும்பத்தின் எல்லாச் சங்கதியும் அவிழும். நகை யார் போட்டது, மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்டார்கள், மூத்த மருமகள் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று அவளைச் சுற்றியே பேசுவார்கள், அவளையும் கேட்பார்கள். இவள் ஊக்கைக் கவ்விக்கொண்டு "உம்" என்பாள், "ஊஹூம்" என்பாள். எது எதற்கு என்று யாருக்கும் விளங்காது.

தனசேகரனுக்கு இதில் தீராத மனக்குறை. "பஸ் ஸ்டாண்டுல என்னத்தான் கேக்குறாங்க ரோசக்கா. உம் பொண்டாட்டி பெரிய வூட்டுக்கெல்லாம் போறாளே, இன்னா சங்கதின்னு. நான் இன்னாத்த சொல்றது? எனக்கே ஒண்ணும் சொல்ல மாட்டேன்றா."

"உனக்குச் சொன்னா கண்ணமங்கலம் போறதுக்குள்ள ஆட்டோவுல ஏறின அத்தன பேருக்கும் சொல்லிடுவ" என்பாள் தெய்வநாயகி.

இப்படி இருந்தவளுக்குத்தான் போன ஆடி மாசம் ஒரு சோதனை வந்தது.

ஆரணியில் பட்டு ஏவாரம் இப்போது பாதி செல்போனில் நடக்கிறது. தறியிலிருந்து சேலை இறங்கியதும் கடைக்காரர்கள் படம் பிடித்து, வீட்டிலிருந்தே விற்கும் பெண்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் வாடிக்கைக்குத் தள்ளிவிடுவார்கள். முதலில் தள்ளுகிறவளுக்குத்தான் விற்கும். நின்று பார்த்தால் அடுத்தவள் விற்றுவிடுவாள். பெரிய பட்டுக்கடை முதலாளியின் மனைவி ரேணுகாதேவி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புதுச் சேலைப் படங்களை வரிசையாகத் தொட்டுத் தொட்டு அனுப்பினார். போனில் சேலைகளுக்கு நடுநடுவே வேறு படங்களும் இருந்தன. அவரும், முன்னாள் சேர்மன் வீட்டம்மாவும், கட்சி மாவட்டச் செயலாளர் வீட்டம்மாவும், இன்னும் இரண்டு மூன்று பெரிய இடத்துப் பெண்களும் ஒரு குரூப்பிலும், குரூப்புக்கு வெளியே தனித்தனியாகவும் பேசிக்கொண்டது. நாளைக்கு யாராவது "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றால் காட்ட வேண்டுமே என்று ரேணுகாதேவி அவற்றைப் படமாகப் பிடித்து வைத்திருந்தார். கண்ணாடியும் போடவில்லை, அவசரமும் வேறு. சேலையோடு சேலையாக அதுவும் போய்விட்டது.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அது கலசப்பாக்கம் தாண்டிவிட்டது. சிலர் பழக்கதோஷத்தில் அதற்கும் மேலே விலை போட்டு அனுப்பினார்கள். போளூரில் ஒருத்தி, "இந்த டிசைன் பச்சைல இருக்கா?" என்றுகூடக் கேட்டாளாம்.

பத்து மணிக்கு ஊரே படித்துக்கொண்டிருந்தது. கோயில் கமிட்டியில் யாரைப் போடுவது, யாரைத் தள்ளுவது. செயலாளர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே. ஒருமுறை உடுத்திய பட்டை 'பிடிக்கவில்லை' என்று கடைக்குத் திருப்பிய மகராசி யார். எல்லாவற்றுக்கும் நடுவில் சேர்மன் வீட்டம்மா எழுதியிருந்தது ஒன்று: கொசப்பாளையத்து வாய்க்கால் வேலையை எடுத்தது என் தம்பிதான், நாற்றம் அடிக்கிறது என்று யாராவது மனு கொண்டு வந்தால் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவை. கொசப்பாளையத்துக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அந்தப் படத்தையே பெரிதாக அச்செடுத்து, மனுவோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறுவாரம் வாய்க்காலுக்குச் சிமெண்டு மூடி வந்து இறங்கியது. அதற்கு ஒரு மாலை போட்டுக் கற்பூரமும் காட்டினார்கள்.

பெரிய வீடுகளில்தான் சிரிப்பில்லை. ஒவ்வொருத்தரும் தங்கள் பெயர் வந்த இடத்தை மட்டும் விரலால் பெரிதாக்கிப் படித்துவிட்டு, அடுத்தவரைச் சந்தேகப்பட்டார்கள். விற்கும் பெண்களுக்கு அது எங்கிருந்து கிளம்பியது என்று தெரியும். ஆனால் சேலை கொடுக்கிற முதலாளியம்மாவிடம் போய் "உங்க கைதான்" என்று யார் சொல்வது? ரேணுகாதேவியோ, தான் அனுப்பியது சேலை மட்டும்தான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். யோசித்து யோசித்து அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் கிடைத்தாள். முந்தின நாள் சேலை கட்டிவிட வீட்டுக்கு வந்துபோன வெளியாள், தெய்வநாயகி.

கூப்பிட்டு அனுப்பினார்கள். ரோசம்மாளும் கூடப் போனாள். வழியில் தெய்வநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோசக்கா, அங்க வந்து கம்முனு இருக்கணும். நமக்குத் தெரிஞ்சத நாம சொல்லக்கூடாது" என்றாள். தெரிந்ததுதான். சின்னம்மா மகள் மணிமேகலை சேலை விற்கிறவள். வெள்ளிக்கிழமையே வந்து படங்களைக் காட்டியிருந்தாள்.

"அடியே, ஆவணி பொறந்தா முகூர்த்தம். இவங்க மூணு வூடும் வேணாம்னா உன்ன ஊர்ல ஒருத்தர் உள்ள வுட மாட்டாங்க. பொழப்பு போவும்டி" என்றாள் ரோசம்மாள்.

"போவட்டும். அது அந்த வூட்டு விசயம்."

கூடத்தில் ரேணுகாதேவி, சேர்மன் வீட்டம்மா, செயலாளர் வீட்டம்மா மூவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் இருவரும் நின்றார்கள்.

"தெய்வா, வியாழக்கெழம நீ வந்தப்போ எம் போனு கட்டில்மேலதான் கெடந்துச்சு" என்று ஆரம்பித்தார் ரேணுகாதேவி.

"நான் தொடலக்கா. எனக்கு சேலையத் தொடறதுக்கே கை பத்தல."

"நீ தொடாமத்தான் ஊரு சிரிக்குதா?" என்றார் சேர்மன் வீட்டம்மா. "அப்ப யாருன்னு நீயே சொல்லு."

தெய்வநாயகி தரையைப் பார்த்தாள். அன்று வாயில் ஊக்கு இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. ரோசம்மாளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது; இடுப்பில் ஒரு கிள்ளு விழுந்தது.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீ வரவேணாம்" என்றார் செயலாளர் வீட்டம்மா. "வேலூர்லருந்து ஆளு சொல்லிக்கிறேன்."

தெய்வநாயகி, "சரிங்கம்மா" என்றாள்.

அந்த நேரம் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். உள்ளே வந்தவள் மணிமேகலை. பால் குடிக்கிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ரேணுகா அக்கா, நல்லவேள வூட்ல கீறீங்க" என்றாள். "வெள்ளிக்கெழம அனுப்புனீங்களே, அதுல மயில்கழுத்து கலருக்கு அடுத்தாப்புல ஒண்ணு கீது பாருங்க. ஒரு டீச்சரம்மா அதுதான் வேணும்னு நிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. சேலையில பூவும் காணோம், கரையும் காணோம், ஒரே எழுத்தா கீது."

ரேணுகாதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். மயில்கழுத்து. அடுத்தது எழுத்து. அதற்கு அடுத்தது அரக்கு. மறுபடி எழுத்து. மேலே அனுப்பியவர் பெயர், அவர் கடைப் பெயர். விரல் நின்றுவிட்டது.

"இதுல எங்க தெய்வாக்கா பேரும் வருது" என்று மணிமேகலை எட்டி ஒரு படத்தைத் தள்ளிக் காட்டினாள். "ரோசக்கா, நீங்க சத்தமா படிங்க. எனக்குப் பெரிய எழுத்துதான் வரும்."

பத்தாவது படித்தவள் இப்படிச் சொன்னது ரோசம்மாளுக்கே சிரிப்பை வரவழைத்தது. அடக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிற குரலில் வாசித்தாள். அது குரூப்பில் இல்லை, செயலாளர் வீட்டம்மாவை விட்டுவிட்டு மற்ற இருவரும் தனியே பேசிக்கொண்டது. சேர்மன் வீட்டம்மாவின் கேள்வி: "செயலாளர் வூட்ல பொண்ணுக்கு எவ்ளோ நகைனு அந்த சேலை கட்டுறவகிட்ட கேட்டியா?" ரேணுகாதேவியின் பதில்: "ரெண்டு வாட்டி கேட்டேன்க்கா. ஒரு சேலகூட குடுத்துப் பாத்தேன், வேணாம்னுட்டா. வாய் நெறைய ஊக்கு. உம்முன்றா, ஊஹூம்ன்றா. இவகிட்ட பேசறதுக்கு கதவுகிட்ட பேசலாம்."

செயலாளர் வீட்டம்மா மெல்லத் திரும்பி மற்ற இருவரையும் பார்த்தார். "எம் பொண்ணு நகை உங்களுக்கு எதுக்குடி?" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிப்பதற்குள் உதடு கோணிக்கொண்டது. சேர்மன் வீட்டம்மாவுக்குப் பெருத்த உடம்பு. அது முதலில் வயிற்றில் குலுங்கி, தோளுக்கு ஏறி, கண்ணில் தண்ணீராக வந்தது. "ஐயோ, நானா! நானேவா!" என்று ரேணுகாதேவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து தெய்வநாயகியின் இரண்டு கையையும் பிடித்தார். "உனக்குத் தெரியுமாடி, நான்தான்னு?"

தெய்வநாயகி, "உம்" என்றாள்.

ஆவணி பிறந்ததும் கதை தலைகீழானது. ஊரே அந்தப் படத்தைப் படித்திருந்ததால், பெண்ணைப் பெற்றவர்களெல்லாம் அவளைத்தான் தேடினார்கள். பெரிய இடத்தார் எழுதிக் கொடுத்த நற்சாட்சி யாருக்குக் கிடைக்கும்? ரேணுகாதேவி மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அன்று முதலாளியம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி பழக்கத்தில், "தெய்வா, அந்தச் செயலாளர் வூட்டு சம்பந்தி இருக்காங்களே..." என்று தொடங்கினார். தெய்வநாயகி ஒரு ஊக்கை எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். "இத கொஞ்சம் புடிங்கக்கா" என்றாள். நிச்சயதார்த்தம் வெகு அமைதியாக நடந்தது என்று ஊரில் பேச்சு.

வேலூர் ஆள் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னது செயலாளர் வீட்டம்மாவேதான். கொசப்பாளையத்துக்குக் காரில் வந்து, புது வாய்க்கால் மூடியின் மேல் நின்று கூப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது தெய்வநாயகி கண்ணமங்கலத்துக் கல்யாண மண்டபத்தில், மாடி அறையில் இருக்கிறாள். கீழே மேளம் கொட்டிவிட்டார்கள். செயலாளர் வீட்டுப் பெண் அரக்குப் பட்டில் நின்று, "எல்லாரும் என்னியே பாப்பாங்களே, பயமா கீதுக்கா" என்கிறாள். தெய்வநாயகி தன் முந்தானை நுனியால் அவள் மூக்கின் மேலிருந்த வியர்வையை ஒற்றி எடுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, அவளை வெளியே அனுப்புகிறாள்.