பேச்சாளர் அறிமுகத்தில் வந்த ஜீப்பு

போடி மலையடிவாரத்து முந்தலில், மேலிருந்து இறங்குகிற வண்டிகளுக்கு வழி விட்டு நின்றபோது, ஜீப்பு ஓட்டும் பக்கீர் முகம்மது சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"வித்யா, இதக் கொஞ்சம் சத்தமா வாசிம்மா. நம்ம மக ஃபாயிசா கோயம்புத்தூர்ல பேசப் போறா."

ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் ராசிங்காபுரத்துப் பெண்கள். மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். அவர்களில் பிளஸ் டூ முடித்தவள் வித்யா ஒருத்திதான். போனில் இருந்தது போக்குவரத்துத் தொழில்நுட்ப மாநாட்டு அழைப்பிதழ். படத்தோடு சிறப்புப் பேச்சாளர்களின் அறிமுகம். வித்யா வாசித்தாள். ஒருவர் முப்பது வருஷம் ரயில்வே சிக்னல் துறையில் இருந்தவர். இன்னொருவர் நகரப் பேருந்துகளுக்கு வழித்தடம் வகுத்தவர். மூன்றாமவர் பேராசிரியர். கடைசியாக ஃபாயிசா. மலையிறக்கத்தில் பிரேக் சூடாவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை வடிவமைக்கும் குழுவின் தலைவர்.

"எம்புட்டுப் படிச்சிருக்கு நம்ம பிள்ள!" என்றாள் ராமுத்தாய். வேலைக்கு வரும் பெண்களைக் கொத்தாகச் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் அவள்தான். அவள் எந்த வண்டியில் ஏறுகிறாளோ அதில்தான் மற்றவர்களும் ஏறுவார்கள்.

வித்யா மேலே வாசித்தாள். "'இவரது ஐந்தாம் வயதில், தந்தை ஓட்டிச் சென்ற ஜீப் போடி மலைப்பாதையில் கவிழ்ந்து மூன்று பெண் தொழிலாளர்கள் படுகாயமடைந்ததே, இவரை இத்துறைக்குக் கொண்டுவந்தது.'"

முன்னால் வழி கிடைத்தும் பக்கீர் கியரைப் போடவில்லை.

"என்ன பாய் அண்ணே," என்றாள் ராமுத்தாய், "என் கையில ஒரு வண்டி சாஞ்சதில்லன்னு தெனமும் சொல்லுவீக. மக வேற மாதிரி எழுதியிருக்கா?"

"அவ சின்னப் பிள்ள. தெரியாம எழுதிட்டா."

"அப்ப கவுரலையா?"

"கவுந்துச்சு. நான் ஓட்டல."

"பெறகு யாரு ஓட்டுனா, மலை முனியா?" என்றாள் பக்கத்தில் இருந்த குருவம்மாள். சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று வளைவுகளில் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போனார். அதுவே தப்பாய்ப் போயிற்று. "பயந்து ஓட்டுறாரு" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் பாதிப் பேர் ராமுத்தாய்க்குக் காத்திராமல், அதே வழியில் ஓட்டும் ராக்கையாவின் ஜீப்பில் ஏறினார்கள். ராக்கையா வண்டியைத் துடைத்துக்கொண்டே பாட்டுப் பாடினான். ராமுத்தாய் பழகிய பழக்கத்துக்குப் பக்கீரின் வண்டியிலேயே ஏறினாலும், முன்சீட்டை விட்டுவிட்டுப் பின்கதவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏன் அங்க போயிட்ட?"

"கவுந்தா குதிக்க வாகா இருக்கும்ல."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனாலும் இறங்கும்வரை அவள் முன்னால் வரவில்லை. அவருடைய ஜீப்பு புதிசில்லை, கூரைத் துணி இரண்டிடத்தில் தைத்தது. அவர் பேர்தான் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பேரோடு பொய்யனென்பதும் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் ஃபாயிசாவைக் கூப்பிட்டார். மனைவி பாத்துமுத்து பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கவுந்த கதைய எடுத்துரும்மா."

"ஏன் அத்தா? என் பேச்சுக்கு ஆரம்பமே அதுதான். வாழ்க்கையில நடந்தது ஒண்ணு சேர்த்துக் குடுங்கன்னு அவங்களே கேட்டாங்க. உங்களக் கொறச்சு ஒண்ணும் எழுதலையே."

"அன்னைக்கு நான் ஓட்டல. காய்ச்சல்ல கெடந்தேன்."

"அப்ப யாரு?"

வெங்காயம் நறுக்கிய கை நின்றது. பக்கீர் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "யாரோ ஆக்டிங் டிரைவரு. பேரு ஞாபகமில்ல."

ஓட்டியது பாத்துமுத்துவின் தம்பி அப்துல் சமது. அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளைக் கவிழ்த்தவன் என்று பேர் வந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று பாத்துமுத்து அழுதாள். ஓட்டியவன் பேரைப் பக்கீர் வெளியில் விடவில்லை. அடிபட்டவர்கள் வேறு ஊர்க்காரர்கள்; தேறி வீடு திரும்பினார்கள். சமது அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டான். ஜீப்பு ஸ்டாண்டில் விவரம் தெரிந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துபோனார்கள். வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் "நம்ம வண்டி கவுந்தப்ப" என்பதோடு நின்றுவிடும். நம்ம வண்டியை அத்தாதானே ஓட்டுவார்? பிள்ளை மிச்சத்தைத் தானே சேர்த்துக்கொண்டு வளர்ந்தது.

போனை வைத்ததும் பாத்துமுத்து கையைக் கழுவி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள்.

"எங்க?"

"சமது கடைக்கு."

"வேணாம். அவன் மகளுக்கு மாப்பிள்ள பாக்குற நேரம்."

"அன்னைக்கு அவன் கல்யாணம். இன்னைக்கு அவன் மக கல்யாணம். ஒங்க வண்டி காலியாப் போறது மட்டும் பரவாயில்லையாக்கும்?"

"நான் ஒன்னயக் கேட்டேனா?"

"கேக்க மாட்டீக. அதான் நான் போறேன்."

மறுநாள் விடியுமுன் ராசிங்காபுரத்தில் ஜீப்பு நிற்கிற இடத்துக்குச் சமதுவே வந்துவிட்டார். சைக்கிளில் வந்ததில் மூச்சு வாங்கியது. பெண்கள் தூக்குவாளியோடு ராக்கையாவின் வண்டியா, பாய் வண்டியா என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

"ராமுத்தாயக்கா, அந்த ஜீப்பக் கவுத்தவன் நான்தான்," என்றார். முன்பின் பீடிகை ஒன்றும் இல்லை. "மச்சான் காய்ச்சல்ல படுத்திருந்தாரு. எதுக்க வந்த லாரிக்கு ஒதுங்குறேன்னு மலைப்பக்கம் ஏத்திச் சாச்சுப்புட்டேன்."

ராமுத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் டீ ஆத்துறதுல அம்புட்டு நெதானமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சமதுவும் சிரிக்கப் பார்த்தார்.

"இத்தன வருசமா ஏன் சொல்லல?" என்று குருவம்மாள் விடாமல் கேட்டாள்.

"மொதல்ல கல்யாணம் ஆக வேண்டியிருந்துச்சு. பெறகு அப்பிடியே பழகிப்போச்சு."

பக்கீர் அவரைத் தனியே இழுத்தார். "யாரு மாப்ளே ஒன்னய வரச் சொன்னா?"

"அக்கா சொல்லுச்சு. அது சொல்லாட்டியும் வந்திருக்கணும், மச்சான்."

"ஒன் மகளுக்கு எடம் பாக்குற நேரத்துல..."

"டீக்கடைக்காரன் மகள்னுதான் பாக்குறாக. பாக்கட்டும்."

ராமுத்தாய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "வெரசா ஏறுங்கடி, வெயில் வந்துரும்," என்றாள். ராக்கையாவின் வண்டியில் ஏறியிருந்த இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. அந்த வண்டியில் சீட்டு மெத்தென்று இருந்தது.

மலை ஏறும்போது மனசு லேசாகும் என்று பக்கீர் எதிர்பார்த்தார். ஆகவில்லை. மச்சினனின் மானத்தை இத்தனை காலம் தன் கையில் வைத்திருந்ததில் தனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்திருக்கிறது என்பது அது கையை விட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெருமைக்குச் சமதுவும் தன் பங்குக்கு ஏதோ கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கடைக்குப் போகும்போதெல்லாம் அவன் எழுந்து நின்றதை மரியாதை என்றே அவர் நினைத்திருந்தார்.

இரவு சாப்பாட்டுக்கு முன் ஃபாயிசா கூப்பிட்டாள்.

"மாமுவே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. அந்தச் சம்பவத்த எடுத்துட்டேன் அத்தா."

"அப்ப பேச்ச எப்பிடி ஆரம்பிப்ப?"

"மத்தவங்க மாதிரிதான். படிப்பு, வேலைன்னு. உங்களப் பத்தி ஒரு வரி வைக்கலாம்னு இருக்கேன். என்ன போடட்டும்?"

"இன்னமும் ஓட்டுறாருன்னு போடு. ராசிங்காபுரம் டு பூப்பாறை. அவரு கையில வண்டி சாஞ்சதே இல்லன்னும் போடு."

"அத்தா, அது என்னோட அறிமுகம். உங்களோடது இல்ல."

"அப்ப என்னைய எதுக்கு அதுல ஏத்துன?"



"யோசிச்சுச் சொல்றேன் அத்தா," என்றாள்.