சித்ராதேவியும் சிவப்பு ஆர்டரும்

செக்கிங் டேபிளில் சித்ராதேவிக்கு என் பக்கத்து இடம். இரண்டு பேருக்கும் நல்லூர்தான், ஒரே கம்பெனி வேனில் வந்து போகிறோம். தைத்து வரும் பனியன் உடுப்பை விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஒதுக்கிவைப்பது எங்கள் வேலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வாயும் சும்மா இருக்காது, சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். அப்படிப்பட்டவள் சித்திரை முடிந்ததும் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, பிடித்து உலுக்கிக் கேட்டேன்.

காரணம் ஒரு பூ. அவள் மகன் குகனுக்கு அவிநாசியில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டில் வேலை கிடைத்து, போய்வர வண்டி வாங்கினான். எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் முதலில் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி முருகன் முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். இந்த மகராசி, வண்டி வாங்கி, பையன் ஒரு வாரம் ஓட்டின பிறகு போய்க் கேட்டிருக்கிறாள். சிவப்பு வந்துவிட்டது. வாங்கி முடித்துவிட்டு வந்து கேட்டால் சாமிதான் என்ன செய்யும்?

வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, பையனிடமும் சொல்லவில்லை. அவன் காலையில் கிளம்பினதும் அந்தப் பூ கண்முன் வந்து நிற்குமாம். அதன் பின்னாலேயே ரோடு, லாரி, இன்னும் என்னென்னவோ.

“நெனைக்காத புள்ள, தானாப் போயிரும்” என்றேன். வேறென்ன சொல்வது, எல்லாரும் சொல்வதுதானே.

அவளும் முழுமூச்சாக நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். நினைப்பு வந்தால் உடனே ‘முருகா’ என்று சொல்லி அதைத் துரத்துவாள். கொஞ்ச நாளில் முருகா என்று சொன்னாலே அந்தப் பூ வந்தது. பிறகு சிவப்பாக எதைப் பார்த்தாலும் வந்தது. சிவப்புத் துணி டேபிளுக்கு வந்தால் என் பக்கம் தள்ளிவிட்டு என் வெள்ளையை இழுத்துக்கொள்வாள். நானும் பாவம் என்று மாற்றிக்கொண்டேன். குகன் எத்தனை முறை கூப்பிட்டும் அந்த வண்டியில் அவள் ஏறவில்லை. பையன் ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மனுஷி எத்தனை காலம் தாங்குவாள்?

ஆடி பிறந்ததும் கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்தது. வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் உடுப்பு, தலை முதல் கால் வரை சிவப்பு. கம்பெனி முழுக்க அதுதான் ஓடியது. சித்ரா சூப்பர்வைசர் வேல்குமாரிடம் போய் வேறு வேலை கேட்டாள்.

“எங்கீங்க்கா போறது? பாத்ரூம் போனாக்கூட வழியெல்லாம் செகப்புத்தானுங்க கெடக்குது” என்றான் அவன்.

திரும்பி வந்து, “வேலைக்கே வரலீங்க்கா. ஊட்டுலயே இருந்துக்கறேன்” என்றாள்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. “ஊட்டுல உக்காந்து என்ன பண்ணுவ? அவன் போற வழியெல்லாம் போன் பண்ணிக்கிட்டே இருப்பியா? அந்தப் பூ வந்தா வரட்டும். நெனைச்சுத் தொலை. என்ன பண்ணீருதுன்னு நானும் பாக்கறேன்.”

புத்தி சொல்லவில்லை, கோபத்தில் கத்தினேன், அவ்வளவுதான். அவள் முறைத்துக்கொண்டே உட்கார்ந்து ஒரு உடுப்பை எடுத்தாள்.

சிவப்பில் எண்ணெய்க் கறை சட்டென்று தெரியாது. டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்க்க வேண்டும். கண்ணைத் திருப்ப வழியே இல்லை. முதல் நாள் பாதிக் கறையைத் தவறவிட்டாள். அவள் பார்த்து அனுப்பியதை வேல்குமார் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து போட்டான். மறுநாளும் அழுதுகொண்டேதான் பார்த்தாள். ஆனால் பூவைத் துரத்திக்கொண்டிருக்க நேரமில்லை. துரத்தினால் கறை தப்பிவிடுகிறது, கறையைப் பார்த்தால் பூ அதுபாட்டுக்கு இருக்கிறது. போகப் போகத் தையல் பிரிந்ததை மற்றவர்களுக்கு முன்னால் அவளே காட்ட ஆரம்பித்தாள். ஆவணியில் ஒருநாள், “கண்ணு எரியுதுங்க்கா, இந்தக் கருமம் எப்பத்தான் முடியுமோ” என்று எல்லாரையும் போலத் திட்டினாள்.

“பூ வருதா?” என்றேன்.

“வருதுங்க்கா. வந்துட்டுப் போகுது” என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆர்டர் முடிந்து சரக்கு லாரியில் ஏறின அன்று சாயங்காலம் கம்பெனி வேன் மக்கர் செய்தது. சித்ரா தானாகவே குகனுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். அவன் நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டானாம். நானும் பஸ்ஸுக்காக அவளுடன் கேட்டில் நின்றேன். வண்டி வந்து நின்றதும், ஏறுவதற்கு முன்னால் சித்ரா சொன்னாள்.

“கண்ணு, இந்த வண்டிக்கு நான் பூக் கேட்டனப்பா. செகப்பு வந்துச்சு. உங்கிட்ட சொல்லவே இல்ல.”

“தெரியுமுங்கம்மா” என்றான் குகன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

“அக்கா சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க. தூக்கத்துல, ‘செகப்பு வந்துருச்சு, போகாத சாமி’ன்னு பொலம்புவீங்க. அப்பாவும் நானும் எந்திரிச்சு உக்காந்து கேப்போம்.”

“ஏன் சாமி அப்பவே எங்கிட்டச் சொல்லுல?”

“சொன்னா இன்னும் பயந்துக்குவீங்கன்னு அப்பா வேண்டாம்னுட்டாருங்க. மெதுவாவே ஓட்டுன்னு மட்டும் சொன்னாரு. சைக்கிள்காரங்ககூட என்னய முந்தீட்டுப் போறாங்க.”

சித்ராவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

“இப்பத்தான் கொஞ்ச நாளா சத்தமே இல்லீங்க” என்றான் குகன். “அதுக்கும் அப்பா தூங்கறதில்ல. என்னடா ஒண்ணையும் காணமேன்னு எந்திரிச்சு வந்து உங்களப் பாத்துட்டுப் போறாரு.”

அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு அவள் வண்டியில் ஏறினாள். “இன்னைக்குக் கொஞ்சம் வேகமாப் போ, உங்கப்பனப் பாக்கோணும்” என்றாள்.